குடத்தை வாங்காதீர்கள்

குணவதியின் வலது கால் மரத்துப்போன அன்று, அது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது. தியான மண்டபத்தில் அது வழக்கம்தான். சுவரோரமாக ஏற்கெனவே ஏழெட்டுக் கால்கள் நின்றுகொண்டிருந்தன. குணவதி புதிது என்பதால் கொஞ்சம் பதறினாள்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் யசோதரை வந்து பக்கத்தில் குனிந்தாள். அவளுக்கு முப்பது வயது இருக்கும். காதில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள்.

"காலு போயிடுச்சும்மா," என்றாள் குணவதி.

"போவும்."

"திரும்பி வருமா?"

"நீங்க தேடலன்னா வரும்."

மண்டபம் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. எதிர்ச்சுவரில் ஒரு புத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் குணவதிக்கும் நடுவே இருபது அடி. அது முதல் நாள் கணக்கு.

அன்று காலை உள்ளே வரும்போதே அவள் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பெயர், விலாசம், வயது எல்லாம் எழுதினாள். கடைசிக் கேள்வி: 'தற்போது இங்கே இருக்கிறீர்களா?' ஆம் என்று எழுதினாள். யசோதரை அதைப் பென்சிலால் அடித்தாள்.

"நீங்க இன்னும் பஸ்ஸுலதான் இருக்கீங்க."

குணவதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உண்மைதான். கீழே போன பஸ்ஸில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். மிகவும் களைத்துத் தெரிந்தாள்.

"பரவால்ல, உக்காருங்க. அவங்க வரும்போது வரட்டும்," என்றாள் யசோதரை.

குணவதி குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். பத்தொன்பது வருடமாகத் தொலைபேசி எடுக்கிறாள். எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பார்கள். லைனில் இருங்கள் என்பாள். அடுத்த அழைப்பை எடுப்பாள். அந்த மணிச்சத்தம் வீட்டிலும் கேட்க ஆரம்பித்தது. குளிக்கும்போது கேட்டது. குக்கர் விசிலுக்குள் கேட்டது. டாக்டர் இரண்டு காதுகளையும் விளக்கடித்துப் பார்த்தார். காதில் ஒன்றுமில்லை என்றார். சீட்டில், 'சும்மா உட்காரவும், காலை ஒரு வேளை' என்று எழுதிக் கொடுத்தார்.

ஒரு விஷயத்தை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய அக்கா பவளக்கொடி அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டாள். "அக்கா, லைன்ல இரு," என்றாள் குணவதி. நான்கு அழைப்புகளை முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது எதிர்முனையில் யாரும் இல்லை. சாயங்காலம் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். மத்தியானமே உயிர் போய்விட்டது என்றார்.

அக்கா என்ன சொல்ல வந்தாள் என்று குணவதி ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

உட்காருவது சுலபம் என்றுதான் தோன்றியது. மூச்சை எண்ண வேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை. அவ்வளவுதான். குணவதி ஒன்று எண்ணினாள். இரண்டு எண்ணினாள். மூன்று எண்ணியதும் கதவு திறந்தது. வேட்டி கட்டிய ஒருவர் பிளாஸ்டிக் குடத்துடன் வந்து அவள் முன்னால் நின்றார். நேற்று மத்தியானம் போனில் அவளைத் திட்டியவர். முகத்தை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்தது.

அவர் குடத்தை நீட்டினார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மண்டபம் ஓரடி நீண்டது. புத்தர் ஓரடி தள்ளிப் போனார்.

மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை வந்தது அடுத்த திங்கட்கிழமை. கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். அவர் கையிலும் குடம். அவருக்குப் பின்னால், எட்டாம் வகுப்பில் அவளைக் குள்ளச்சி என்று கூப்பிட்ட கணக்கு டீச்சர். அவருக்கும் பின்னால் அரைக்காத மாவு. குணவதி எல்லாவற்றையும் வாங்கினாள். வந்தவர்களை மறுத்து அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. எழுந்திருக்கும் மணியை யசோதரை அடித்தபோது அவளைச் சுற்றி நாற்பத்தொரு குடங்கள் இருந்தன. புத்தர் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தார்.

யசோதரை குடங்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு வந்தாள்.

"எல்லாத்தையும் வாங்கிட்டீங்களா?"

"வரிசையா வராங்களேம்மா. என்ன பண்றது?"

"வந்தா வரட்டும். விரட்டாதீங்க. குடத்த மட்டும் வாங்காதீங்க."

"அப்ப அவங்க கோச்சிக்க மாட்டாங்களா?"

"கோச்சிப்பாங்க," என்று சொல்லிவிட்டு யசோதரை போய்விட்டாள்.

மறுநாள் குணவதி முப்பது வாங்கினாள். அதற்கு மறுநாள் முப்பத்தைந்து. ஐந்தாவது நாள் ஆறு. அன்றைக்குத்தான் வலது கால் திரும்பி வந்து தன் இடத்தில் மடங்கிக்கொண்டது. பாதம் ஈரமாக இருந்தது. எங்கே போனாய் என்று அவள் கேட்கவில்லை.

வாங்காமல் விட்டதால் வந்தவர்கள் நின்றார்கள். வரிசை மண்டபத்தைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கி, பாத்திரக்கடைக்குள் வளைந்து, பஸ் நிறுத்தம் வரை போனது. யாரும் சத்தம் போடவில்லை. குடங்கள் மட்டும் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன. குணவதி மூன்று வரை எண்ணினாள். மூன்றுக்கு அப்புறம் ஒரு காலி இடம் இருந்தது. நான்கு வரவே இல்லை.

பன்னிரண்டாவது நாள் வரிசையில் பவளக்கொடி நின்றாள்.

பாசிப்பச்சைப் புடவை. தலையில் துண்டு சுற்றியிருந்தாள், குளித்துவிட்டு வந்தவளைப்போல. இடுப்பில் குடம். முன்னால் இருந்தவர்கள் நகர நகர அவளும் நகர்ந்து வந்தாள். முந்தவில்லை. குணவதியின் முன்னால் வந்ததும் நின்றாள்.

"அக்கா."

"லைன்ல இருன்னு சொன்ன. இருந்தேன்."

"ஆறு வருஷமாவா?"

"நீதான் எடுக்கலியே, குணா."

மண்டபம் நீளத் தொடங்கியது. புத்தர் அரிசி அளவு ஆனார்.

"என்னக்கா சொல்ல வந்த அன்னிக்கு?"

"எங்க தெருவுல ரெண்டு நாளா தண்ணி வரலடி. அதச் சொல்லத்தான்."

"வேற?"

"வேற என்ன? தண்ணி வரல. உன் ஆபீஸ்தானேன்னு அடிச்சேன்."

பவளக்கொடி குடத்தை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். குணவதியின் கைகள் தாமாகவே எழுந்தன. இந்த ஒரு குடத்தை மட்டும் வாங்கலாம் என்று நினைத்தாள். இதை வாங்கினால் ஆயுசுக்கும் மடியில் வைத்துக்கொள்ளலாம். அக்காவுக்கும் கோபம் இருக்காது. அவள் யசோதரையைப் பார்த்தாள். யசோதரை பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

புகார் பதிவாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. கைகளை இறக்கி மடியில் வைத்தாள். அப்படி ஒரு கனத்தை அவள் அதுவரை இறக்கியதில்லை.

"உக்காருக்கா," என்றாள்.

"எங்க?"

"இங்கதான். பக்கத்துல."

பவளக்கொடி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து, பின்னால் நின்ற திங்கட்கிழமை உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் உட்கார்ந்தார். படிக்கட்டில் நின்றவர்கள் படிகளிலேயே உட்கார்ந்தார்கள். பாத்திரக்கடையில் வியாபாரம் நின்றது. பஸ் நிறுத்தம் வரை எல்லோரும் குடத்தை முன்னால் வைத்து உட்கார்ந்தார்கள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. குணவதியின் காதிலும் இல்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

அப்போது நான்காவது மூச்சு வாசல் வழியாக உள்ளே வந்தது. நிலைப்படியில் அது குனிய வேண்டியிருந்தது. அவ்வளவு பெரியது. குணவதி நாற்பத்தேழு வருடமாக மூச்சு விட்டிருக்கிறாள். இப்படி ஒன்று வரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அது யாரையும் இடிக்காமல் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தது. அது கடந்த இடத்தில் குடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மழைக்கு முந்திய மண்வாசனை அடித்தது. கணக்கு டீச்சர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அது குணவதிக்குள் வந்து, திரும்பி, வெளியே புறப்பட்டது. பவளக்கொடி எழுந்தாள். நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"வரேன்டி. அடுப்புல ஒல வெக்கணும்."

"சரிக்கா."

நான்காவது மூச்சோடு அக்காவும் நடந்து போனாள். முதுகு தெரிந்தது, பிறகு தலைத்துண்டு தெரிந்தது, பிறகு இல்லை. குணவதி லைனில் இரு என்று சொல்லவில்லை. கன்னத்தில் நீர் வழிந்தது. அதையும் துடைக்கவில்லை.

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் படிக்கட்டின் பக்கம் திரும்பினார்கள். கீழே பாத்திரக்கடையில் தட்டுகள் மெல்ல அதிர்ந்தன. ஏதோ ஒன்று படியேறி வந்துகொண்டிருந்தது. நான்காவதைவிடப் பெரியது.

யசோதரை பென்சிலைக் காதில் செருகினாள். எழுந்து போய்க் கதவின் இன்னொரு பாதியையும் திறந்து வைத்தாள்.