தப்பினதுக்கு ஒரு கோடு

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் மதார் சாகிபின் நகக்கண்ணில் இருந்த மஞ்சள் போகவில்லை.

"சாக்பீசு அது. வுடு தம்பி, கபன் துணில மறைஞ்சிடும்" என்றார் உடலைக் குளிப்பாட்ட வந்தவர். ஷஃபியுல்லா விடவில்லை. அண்ணன் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மூட்டை தூக்கித் தோள் காய்த்துப்போன அண்ணனுக்குச் செங்கல்பட்டு முச்சந்தியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. ரோட்டை எப்படித் திருத்தலாம் என்று ஆராய வந்த இன்ஜினீயர்கள் கொடுத்த வேலை. வண்டிகள் மோதப் போய் நூலிழையில் விலகினால் விளக்குக் கம்பத்தில் ஒரு கோடு.

"மோதிச்சுன்னா போலீஸ்காரன் எழுதிக்குவான். மோதாம போறதுதான்டா நம்ப கணக்கு. அதுக்குப் பேரு தப்பு" என்பார்.

"இன்னாண்ணே, குத்தம் கண்டுபுடிக்கிற உத்தியோகமா?"

"மடையா, குத்தம் இல்லடா. தப்பிச்சது."

நேற்று ஷஃபியுல்லா நாஸ்தா கொண்டுபோனபோது இரண்டு பஸ்கள் உரசாமல் விலகின. அதையே பார்த்துச் சிரித்தபடி அண்ணன் சாக்பீசும் கையுமாகப் பின்னால் நகர்ந்து ரோட்டில் கால் வைத்தார். லாரிக்காரன் பிரேக் போட்டான், வண்டி நிற்கவில்லை. அவனைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறார்கள். பஸ்கள் நிற்காமல் போய்விட்டதால், கண்ணால் பார்த்தவன் ஷஃபியுல்லா ஒருவன்தான். அடக்கம் முடிந்ததும் வந்து சொல்லவேண்டும் என்று ஏட்டு சொல்லியிருந்தார்.

உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து அண்ணி ரோஷன் பீவியின் குரல் வந்தது.

"தம்பி, உங்க அண்ணன் மேல தப்பு இல்லன்னு சொல்லிடு."

அவன் குனிந்து தோள் கொடுத்தான்.

முச்சந்தியில் மகாபலிபுரம் பஸ் ஒன்று சந்தூக்குக்கு ஒரு முழம் தள்ளிக் கிரீச்சிட்டு நின்றது. கூட வந்தவர்கள் டிரைவரைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நேற்று லாரியிலிருந்து இறங்கியவன் முகமும் இப்படித்தான் இருந்தது.

"வுடுங்க பாய். தப்பிச்சுது இல்ல" என்றான் ஷஃபியுல்லா.

தோளை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கம்பத்தருகே போனான். அடியில் அண்ணனின் தகரடப்பா. அதிலிருந்து சாக்பீசை எடுத்து, நேற்றைய பஸ்களுக்கு ஒரு கோடு இழுத்தான். பக்கத்தில் இன்னொன்று.

ஏட்டு அங்கேதான் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"லாரிக்காரன் பிரேக் போட்டான் சார். எங்க அண்ணன்தான் திரும்பிப் பாக்கல."

ஏட்டு சட்டைப்பையிலிருந்த நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அதற்குள் சந்தூக்கு வெகுதூரம் போயிருந்தது. ஓடிப்போய் மறுபடி தோள் கொடுத்தான். கபர்ஸ்தானில் இறக்கியபோது, அவன் பிடித்திருந்த கட்டையில் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது.