தின்றவர்கள் இழுத்த கயிறு

படகுத் தலைவன் ரூஃபஸ் அனாலுக் வீட்டு இறைச்சிக் குழி ஏப்ரல் ஆறாம் தேதி காலை மூச்சுவிடத் தொடங்கியது. அலாஸ்காவின் வடகரையில், எங்கள் ஊரில், திமிங்கிலம் பிடிக்கும் குடும்பங்களுக்கெல்லாம் இப்படிக் குழி உண்டு. உறைந்த மண்ணில் இருபதடி ஆழம், ஏணி, மேலே மரமூடி. அனாலுக் குழியின் மூடி மட்டும் நிமிடத்துக்கு நான்கு முறை எழும்பித் தணிந்தது.

காரணம் ரூஃபஸ்தான். குழி மனைவியின் பொறுப்பு. வசந்த வேட்டைக்கு முன் அவள்தான் இறங்கிப் பழைய ரத்தத்தையும் கொழுப்பையும் சுரண்டி, தரையில் புதுப்பனி பரப்புவாள். எந்தக் குழி சுத்தம் என்று பார்த்துத்தான் திமிங்கிலம் எந்தப் படகுக்குத் தன்னைக் கொடுப்பதென்று தீர்மானிக்கும். அப்படியிருக்க, மனைவி பெர்னிஸ் பல் பிடுங்க ஆங்கரேஜ் போயிருந்த வாரத்தில், ஹோல்டன் என்ற ஆராய்ச்சியாளன் குழிச் சுவரைத் துளைத்துக் கை நீளப் பனிக்கட்டி எடுத்துக்கொள்ள இந்த மகா புத்திசாலி சம்மதித்துவிட்டான். ஓட்டையை அடைக்கத் தன் கம்பளிக் கையுறையைத் திணித்தானாம்! பனிக்குள் நாற்பதாயிரம் ஆண்டு உறங்கிய, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கையுறையைத் தின்றுவிட்டு வெளியே வந்தன. பிறகு இறைச்சியைத் தின்றன. சுவரெல்லாம் வியர்த்தது.

பெர்னிஸ் வந்து மூடியைத் திறந்தாள். நாற்றம் தேவாலயம்வரை போனது.

"ஓட்டை போடணும்னா உன் மண்டைய காட்டியிருக்கலாமேய்யா! என் குழிதான் கிடைச்சுதா?"

"சின்ன ஓட்டைதானேன்னு..."

"சின்ன ஓட்டையா? திமிங்கிலம் வரலைன்னா நம்ம படகை நம்பியிருக்கிற பதினோரு குடும்பம் குளிர்காலத்துல எதைத் தின்னும்? உன் இன்னொரு கையுறையையா?"

அவள் சுரண்டச் சுரண்டச் சுவர் மறுபடி வியர்த்தது. அவள் பயந்ததுதான் நடந்தது. மற்றப் படகுகளுக்கெல்லாம் திமிங்கிலம் கிடைத்தது. ரூஃபஸின் படகருகே வந்தவை தலையைத் தூக்கி, ஊர்ப் பக்கம் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. மே மாதம் முடியப் போனது, கரையை ஒட்டிக் கடல்மேல் உறைந்திருக்கும் கரைப்பனி மெலிந்துகொண்டே வந்தது. அந்தச் சமயம் பார்த்து ஹோல்டன் சிரித்துக்கொண்டு விமானத்தில் வந்திறங்கினான். அந்த உயிர்களுக்குத் தன் பெயரையே வைத்துவிட்டானாம். எனக்கே கை துறுதுறுத்தது.

"எங்க இறைச்சிய தின்னதுங்களுக்கு உன் பேரா, தம்பி? வெக்கமா இல்ல?" என்றாள் பெர்னிஸ். அவனை அப்படியே நிற்க வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். மூன்று நாள் அவள் சுவரைத் திட்டியது ஊருக்கே கேட்டது.

"தூங்கினீங்க, சும்மா விட்டோம். தின்னீங்க, சரி. தின்னவன் திமிங்கிலத்த கரையேத்தக் கயிறு இழுக்கணும், இந்த ஊர்ல அதான் முறை. ஓசிச் சோறா கேக்குது?"

திட்டிக்கொண்டே சுரண்டினாள், அள்ளிக் கொட்டினாள், பனி பரப்பினாள். மூன்றாம் நாள் மூடி அசைவதை நிறுத்தியது.

மறுநாள் ரூஃபஸுக்குத் திமிங்கிலம் தன்னைக் கொடுத்தது. ஆனால் ஐம்பதடி உடலைக் கரைப்பனிமேல் இழுத்தேற்ற வேண்டுமே. பனியோ ஒரு சாண் தடிமன்கூட இல்லை. கயிற்றைப் பிடித்த எங்கள் காலடியில் விரிசல் ஓடியது. அப்போது எங்களுக்குப் பின்னால், ஆளில்லாத கயிற்று நுனி விறைத்தது. அதன்மேல் வெள்ளையாக உறைபனி பூத்தது. காலடியில் பனி நாலடி தடித்தது. கயிறு தானாகப் பின்னால் போனது. நாங்கள் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தோம்.

பங்கு பிரிக்கையில் பெர்னிஸ் குழிக்கும் ஒரு பங்கு வெட்டினாள். கோபம் தணிந்து அல்ல. இழுத்தவனுக்குப் பங்கு உண்டு, அவ்வளவுதான். ஹோல்டன் தனக்கும் ஒரு துண்டு கேட்டான்.

"நீ இழுத்தியா?" என்றாள்.

இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் கயிற்றின் கடைசிப் பத்தடியை யாரும் பிடிப்பதில்லை. அங்கே ஆள் இருக்கிறது.