அத்தையின் இடது புருவம்

திருப்பதியில் மூன்று நாள் பயிற்சி முடித்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, நகரியில் நான் பார்லர் திறந்தபோது, நிரந்தரப் புருவம் போட்டுக்கொள்ள முதலில் வந்தவள் தாட்சாயணி அத்தை. என் நைனாவுக்கு அக்கா. நான்கு பவர்லூம் ஓடும் அவள் வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

புருவத்துக்கு அளவெடுக்கும்போது ஆளை உட்கார வைக்க வேண்டும். படுத்தால் முகத்துச் சதை இடம் மாறிவிடும். மேதாவி நான், படுக்க வைத்தே அளந்து, ஊசியால் மையையும் ஏற்றிவிட்டேன். அத்தை எழுந்து உட்கார்ந்தாள். இடது புருவம் ஒரு நெல் அளவு மேலே நின்றது.

கண்ணாடியைப் பார்த்த அத்தை, “சோக்கா கீதுடி” என்றாள். தெரு முழுக்க, “எங்க ரேஷ்மா போட்டது” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது.

பக்கத்து வீட்டு வேங்கடாசலம் இறந்தபோதுதான் மானம் போயிற்று. அத்தை பிணத்தின் தலைமாட்டில் அழுகிறாள். புருவமோ எதையோ கண்டு ஆச்சரியப்படுகிறது. இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பின்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டேன்.

‘தப்பு பண்ணிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொன்னால் என்னிடம் யார் முகத்தைக் கொடுப்பார்கள்? அவளைப் பார்த்தால் தரையைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். ஒரு வருடம் இப்படியே ஓட்டினேன்.

கடைசியில் மறுபடி திருப்பதிக்குப் போய், லேசர் இல்லாமல் அழிக்கும் முறையைக் கற்றேன். உப்புக் கரைசலை ஊசியால் தோலில் ஏற்றினால், பொருக்குக் கட்டி, அதோடு மை உதிரும். இரண்டு மாத இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை செய்ய வேண்டும்.

அப்போதும் உண்மை சொன்னேனா? “அத்தே, சும்மா ஒரு டச்சப்” என்று கூப்பிட்டேன். “வாணாம்டி, இதே போதும்” என்று நாலு தடவை தட்டிக் கழித்தாள். ஐந்தாம் தடவை கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்து, ஈரப் பஞ்சால் இடது புருவத்தைத் துடைத்தேன்.

புருவம் பஞ்சோடு வந்துவிட்டது.

அடியில் லேசாகச் சிவந்த தோல். நாலு நரைமுடி.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். “செத்த வூட்ல சிரிச்சாளுங்களே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சித்தூர்ல மக வூட்டுக்குப் போறேன்னு மூணு தபா போனேனே, திருப்பதில ஒரு பொண்ணுகிட்ட இத்த எடுக்கத்தான். காயம் ஆறுற வரைக்கும் மக வூட்லயே இருந்துகினேன்.”

“அப்போ இது இன்னா அத்தே?”

“பென்சிலு. தெனம் காலைல வரஞ்சிகினு இருக்கேன்.”

“கோணலாவா?”

“நேரா வரஞ்சா நீ கண்டுபுடிச்சிடுவியே. நீ போட்டத அழிச்சிட்டேன்னு மனசு ஒடஞ்சிடுவன்னு பயந்தேன்.”

எத்தனை மாதங்கள்! தினமும் இந்த வாசலைத் தாண்டிப் போனாள். ஒருநாள் நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“தப்பு என்னுதுதான் அத்தே. தப்பா போட்டுட்டேன்” என்று விம்மினேன்.

அத்தை சட்டென்று என் வாயைப் பொத்தினாள். “மெதுவா பேசுடி. வெளிய ஆளுங்க உக்காந்துகினு கீறாங்க.”