எதிர்முனையில் கேட்டது

2024 நவம்பர் 11, திங்கட்கிழமை. சமீனாவின் குறை இதுதான்: அவள் பேசுவது எதிர்முனையில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, அவளைச் சுற்றி நடப்பதெல்லாம் கேட்கிறது.

குளிர்பதனப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு, வில்லியனூர் வீட்டில் இருந்தபடியே, தமிழில் புகார் கேட்டுப் பதில் சொல்லும் வேலை அவளுடையது. அன்று காலை மேற்பார்வையாளர் கல்பனாவிடமிருந்து இரண்டாவது எச்சரிக்கை வந்திருந்தது. மூன்றாவதும் வந்துவிட்டால் வீட்டிலிருந்து செய்யும் அனுமதி பறிபோகும். சென்னை அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். பாகூரில் படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்க்க மடிக்கணினியும் கையுமாக வாரத்தில் பாதி நாள் பேருந்தில் ஓடுகிறவள் சென்னைக்கு எங்கே போவது? வேலையை விட வேண்டியதுதான்.

"நேத்து நீ பேசறப்ப யாரோ மீன் வித்துக்கினு போயிருக்காங்க சமீனா. வஞ்சரம்னு சொன்னது கஸ்டமருக்கு நல்லா கேட்டிருக்கு. நீ சொன்னது ஒண்ணும் கேக்கல" என்றாள் கல்பனா.

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலயே மேடம்!"

அவள் சொன்னது முழு உண்மை. தொல்லையே அந்த உண்மையில்தான் இருந்தது.

அவள் மாட்டியிருந்த ஹெட்செட், கணவன் ஷேக் ஃபரீத் தன் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பேருந்து நிலையத்துக்கு அருகே அவனுக்கு மொபைல் கடை. அங்கே ஹெட்செட் விற்பனைக்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. மாதிரிக்கென்று வைத்திருப்பதைக் காதில் மாட்டி ஒரு பாட்டைப் போடுவான்; வாங்க வந்தவர் தலை ஆடும்; வியாபாரம் முடியும். விற்கும் பெட்டியை யாரும் தொட முடியாது. 'பெட்டியைப் பிரித்தால் வாங்கியாக வேண்டும்' என்று சுவரில் பலகை தொங்கியது. மைக்கைப் பற்றி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

பகல் சாப்பாட்டுக்கு வந்தவனிடம் சமீனா விஷயத்தைச் சொன்னாள்.

"அதுல இன்னா கொற? கடையிலயே ஒசந்த சரக்கு. மாட்டிக்கினா வெளிய இடி வுழுந்தாலும் கேக்காது."

"எனக்குக் கேக்காதுங்க. அவங்களுக்குக் கேக்குதே?"

"உங்க மேடத்துக்குக் காது அவுட்டு."

"கலைச்செல்வன் கடையில ஒண்ணு தொங்குது. வாய்க்கு முன்னால கம்பி நீட்டிக்கினு மைக்கு இருக்கும்…"

ஃபரீதின் கை சோற்றிலேயே நின்றது. கலைச்செல்வனின் கணினிக் கடை அவன் கடைக்கு நேர் எதிரே இருந்தது. இருவரும் டீக்கு மட்டும் ஒன்றாகப் போவார்கள்; வியாபாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

"அத மாட்டிக்கினா ஹெலிகாப்டர் ஓட்டறவ மாதிரி இருப்ப. அவன் கடையிலயா வாங்கணும்? ஊர்ல இன்னா பேசுவான்?"

சமீனா அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். காதை மூடிக்கொண்டால் ஊரே அடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் ஊர் அடங்குவதில்லை. இதை எப்படி அவனுக்கு விளங்க வைப்பது என்றே இரண்டு நாள் யோசித்தாள்.

புதன்கிழமை பாகூரில், தாய்க்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, மொபைலில் அவனை அழைத்தாள்.

"இப்ப கம்ப்யூட்டர்லருந்து கூப்புடுவேன். நீங்க கஸ்டமரு. உங்க ஃப்ரிட்ஜு ஓடல. நான் கம்பெனிக்காரி."

"சம்பளம் உண்டா?" என்று சிரித்தான் அவன்.

ஹெட்செட்டை மாட்டினாள். உலகம் அமைதியாயிற்று. "வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"ஐஸே புடிக்கலமா. வாங்கி வெச்ச எறாலெல்லாம் நாறுது."

"உங்கள் ஃப்ரிட்ஜின் மாடல் எண்ணைச் சொல்ல முடியுமா?"

"இன்னா? கேக்கல."

மீண்டும் கேட்டாள்.

"குக்கர்தான் கேக்குது. இன்னாமா, மாடு கத்துது? கொட்டாயில ஒக்காந்துக்கினா பேசற?"

மூன்றாம் முறை, சொல் சொல்லாக நிறுத்திக் கேட்டாள். அவன் குரலில் இருந்த சிரிப்பு வற்றிவிட்டது.

"எத்தினி வாட்டிமா சொல்றது? பேசத் தெரிஞ்சவ ஒருத்தியும் இல்லையா அங்க? வேற ஆளாண்ட குடு போன!"

இணைப்பு அறுந்தது. ஒரு சொல் சிதறாமல், ஓர் எழுத்துத் தேயாமல், அத்தனையும் சமீனாவின் காதில் தெளிவாக விழுந்திருந்தது. ஹெட்செட்டைக் கழற்றினாள். குக்கர் சீறியது, அடுத்த வீட்டு மாடு கத்தியது, தெருவில் டிராக்டர் ஒன்று தடதடத்துப் போனது. இத்தனை நேரமும் இவைதாம் அவளுக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருந்தன.

மொபைல் அடித்தது. எடுத்தாள். ஃபரீத்தான்.

"நல்லா நடிச்சீங்க" என்றாள்.

"நடிக்கல, சமீ." பிறகு, "தெனம் இப்டித்தான் வாங்கிக் கட்டிக்கிறியா?"

"எல்லாரும் மாட்டுக்கொட்டாயின்னு சொல்ல மாட்டாங்க. ஒருத்தர் கோழிப்பண்ணையான்னு கேட்டாரு."

அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை அவள் வில்லியனூரில் பேருந்தைவிட்டு இறங்கியபோது ஃபரீத் கலைச்செல்வன் கடையில் நின்றுகொண்டிருந்தான்.

"பேசிப் பாக்காம எப்டிப்பா எடுக்கறது? பிரி."

"பிரிச்சா வாங்கணும் பாய். உங்கடைச் செவுத்துலயும் அதத்தான தொங்கவுட்டிருக்க?"

ஃபரீத் திரும்பி மனைவியைப் பார்த்தான். விடுவிடென்று சாலையைக் கடந்து தன் பலகையைக் கழற்றி எடுத்துவந்து, கலைச்செல்வனின் மேசைமேல் குப்புறப் போட்டான்.

"இப்ப பிரி."

கலைச்செல்வன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்ப என் போர்ட இன்னா பண்றது?"

"அத நீயே பாத்துக்க."

கடை வாசலில் நாற்காலி போட்டு அதன்மேல் சமீனா மடிக்கணினியைத் திறந்தாள். நடத்துநர்கள் விசில் ஊத, பேருந்துகளின் ஹாரன் அலற, ஒவ்வொன்றாக மாட்டிப் பேசினாள். எதிரே ஃபரீத் தன் கடைக்குள் கண்ணை மூடி மொபைலைக் காதில் வைத்திருந்தான். முதலில் மாட்டியது கம்பியில்லாதது, பார்வைக்கு அழகானது. "பானைக்குள்ள பேசற மாதிரி இருக்கு, வேணாம்" என்றான். அடுத்தது அந்த ஹெலிகாப்டர். அதன் மைக் வாயருகே நின்றது. வேண்டாதபோது மேலே மடங்கியது. பேருந்துப் பயணத்துக்கு வாகாகப் பைக்குள் தட்டையாக அடங்கியது. வயர் வைத்தது என்பதால் சார்ஜ் தீர்ந்துபோகும் கவலையும் இல்லை.

"உங்கள் ஃப்ரிட்ஜின் மாடல் எண்ணைச் சொல்ல முடியுமா?"

"கேக்குது."

"ஹாரன்?"

"எங்கியோ தூரத்துல. உன் கொரல்தான் முன்னால நிக்குது." கண்ணைத் திறந்து சொன்னான்: "நீ இவ்ளோ பொறுமையா பேசுவன்னு எனக்குத் தெரியாது."

அடுத்த வாரம் கல்பனா அழைத்தாள். "இன்னா சமீனா, உங்க தெருவுல மீன் விக்கறத நிறுத்திட்டாங்களா?" மூன்றாவது எச்சரிக்கை வரவே இல்லை. ஃபரீதின் கடைச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. பலகை திரும்ப ஏறவில்லை. எதிர்க்கடைப் பலகையோ இன்னும் தொங்குகிறது.

ஆகவே, வாசகரே, அடுத்த முறை ஹெட்செட் வாங்கப் போனால் பாட்டுக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். இரைச்சல் மிகுந்த தெருவில் நின்று, உங்கள்மேல் அக்கறையுள்ள ஒருவரை அழைத்து, என்ன கேட்கிறது என்று கேளுங்கள். பிரிக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். எழுந்து வெளியே வாருங்கள்.