மோந்து பார்க்காத பாட்டில்

அந்த விடுதியில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதல்ல, அது பார்க்கிற வேலைதான் பெரிது. அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள் மேற்பார்வை. மற்ற மேற்பார்வையாளர்கள் விரலால் தூசியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இவள் குளியலறை வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பாள். "தரை துடைச்ச துணியாலயே வாஷ்பேசினையும் துடைச்சிருக்கே" என்பாள். துடைத்தவள் திருதிருவென்று விழிப்பாள். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு யாரோ திருட்டுத்தனமாகப் பிடித்த சிகரெட்டை மறுநாள் கண்டுபிடிக்கிற மூக்கு அது. அப்பேர்ப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு அவள் கோட்டைவிட்டாள்.

அவளுக்கு ஒரே தம்பி. குழாய் வேலையில் கெட்டிக்காரன், குடியில் அதைவிடக் கெட்டிக்காரன். சேர்ந்த இடத்திலெல்லாம் வேலை போய், கடைசியில் பெண்டாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதுவரை யார் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாதவன் அன்றைக்கு வீட்டுக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தானாம். பிறகு தானாகவே சிகிச்சைக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "ஒரு இடத்துல நிரந்தரமா வேலை பாக்கட்டும், நான் வர்றேன்" என்று பெண்டாட்டி சொல்லியனுப்பினாள்.

மூக்கக்கா மேனேஜரிடம் போய் நின்றாள்.

"என் தம்பி சார். இப்ப தொடுறதே இல்ல. அவனுக்கு நான் பொறுப்பு."

மேனேஜர் நல்லவர்தான், ஆனால் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. "குடிச்சான்னு என் காதுக்கு வந்துச்சுன்னா அவனும் இங்க இல்ல, நீங்களும் இல்ல. சரியா?" என்றார். அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

விடுதிக்கு அப்போது தண்ணீர்தான் பெரிய தலைவலி. லாரித் தண்ணீர் வந்தால்தான் குழாயில் சொட்டும். கழிப்பறைகளோ பழைய காலத்தவை. ஒருமுறை ப்ளஷ்ஷை அழுத்தினால் வாளித் தண்ணீர் போய்விடும். எல்லாவற்றையும் உடைத்தெடுத்துவிட்டுப் புதிது வைக்கவேண்டும் என்று ஒரு கம்பெனிக்காரன் படம் காட்டிவிட்டுப் போயிருந்தான். உடைத்தால் டைல்ஸ் போகும், அறைகளைப் பூட்டிப் போடவேண்டும். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் தம்பி ஒரு ப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து காட்டினான்.

"கோப்பை நல்லாத்தான் இருக்கு சார். எதுக்கு உடைக்கணும்? உள்ள இருக்குற சாமானை மாத்தி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினா பாதித் தண்ணி போதும்."

"மூணாவது மாடிக்குத் தனி மீட்டர் இருக்கு. அங்க செஞ்சு காட்டு" என்றார் மேனேஜர். "தண்ணி குறைஞ்சா எல்லா மாடியும் நீதான் செய்யற. வேலையும் நிரந்தரம்."

அக்காவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. தம்பியின் குழந்தைக்கு இந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் என்பதுவரை யோசித்துவிட்டாள்.

சந்தேகம் வந்தது ஒரு காலை வேளையில். வேலைக்கு வரும்போது விடுதி பாரின் பின்வாசலில் தம்பி நின்றிருந்தான். தோளில் ஒரு சாக்கு. அவளைக் கண்டதும் சாக்கை மறுதோளுக்கு மாற்றினான். உள்ளே ஏதோ கணகணவென்றது.

"என்னடா மூட்டை?"

"பழைய சாமான்க்கா" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பார் பின்வாசலில் பழைய சாமானாம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முன்பொரு தடவை "குடிச்சியா?" என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு போனவன், அந்தக் கோபத்தையே சாக்காக வைத்துக் குடித்துவிட்டு எங்கோ கிடந்தான். ஆகையால் கேட்காமலே கண்டுபிடிக்கலாம் என்று முடிவு செய்தாள். வலியப் போய் டீ கொடுத்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி கிட்டே போய் மூச்சிழுத்தாள். சோப்பு வாடை, குழாய்ப் பசை வாடை, அவற்றோடு புதினா மிட்டாய் வாடை.

புதினா மிட்டாய் எதற்கு? வாடையை மறைக்கத்தான், வேறெதற்கு? குடியை விட்டவர்கள் வாய் நமநமக்கும்போது மிட்டாய் போட்டுக்கொள்வார்கள் என்று சிகிச்சை மையத்தில் அவளிடமே சொல்லியிருந்தார்கள். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சில நாள் கழித்து, மூன்றாவது மாடியில் ஓர் அறையின் ப்ளஷ் பட்டன் சிக்கிக்கொண்டதாக ஒரு பெண் வந்து சொன்னாள். மூக்கக்கா தானே போய் டேங்கின் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே தண்ணீருக்குள், மூலையில் ஒட்டினாற்போல் நின்றிருந்தது ஓர் அரை பாட்டில். சரக்கு பாட்டில்தான், அந்தத் தட்டையான வடிவம் அவளுக்கு அத்துப்படி. தம்பி வீட்டு அரிசிப் பானைக்குள்ளிருந்து எத்தனை எடுத்திருக்கிறாள். கழுத்துவரை நிறைந்திருந்தது, நிறமில்லாமல். அவன் குடித்ததும் நிறமில்லாததுதான். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தான், தடயம் இருக்கக்கூடாதென்று. மூடியைச் சுற்றி வெள்ளை டேப், வாடை கசியக்கூடாதென்று. எவ்வளவு ஜாக்கிரதை.

அடுத்த அறையைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

பாவி, மாடி முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிறான். எந்த அறையில் வேலை இருந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று. ஒரு குடிகாரனுக்கு இத்தனை எதற்கு, இத்தனையையும் நிரப்பி வைத்துக்கொண்டு எந்தக் குடிகாரன் சும்மா இருப்பான் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. டேப்பைப் பிரித்து ஒரு மூச்சு இழுத்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. கை போனது, பாதியில் நின்றுவிட்டது. திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் மேனேஜரிடம் சொல்லவேண்டி வரும், அவனுடைய பெண்டாட்டியிடமும் சொல்லவேண்டி வரும். தெரியாதவரைக்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

அறைகள் காலியாகக் காலியாக ஒவ்வொரு பாட்டிலாக உருவினாள். அவசரத்தில் மிதவைக் கம்பி வளைந்ததோ, ரப்பர் மூடி நகர்ந்ததோ, எதையும் அவள் பார்க்கவில்லை. அழுக்குத் துண்டுகளுக்குள் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்து, பின்பக்கக் குப்பைத் தொட்டியில் போட்டாள். குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. தம்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

நிம்மதிக்கு ஆயுசு அவ்வளவுதான். மேனேஜர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"முதல்ல மீட்டர் நல்லாக் குறைஞ்சுச்சு. நான்கூடச் சந்தோஷப்பட்டேன்" என்றார் தம்பியிடம். "இப்ப முன்ன இருந்ததைவிட அதிகமா ஓடுது. என்ன வேலை பாத்திருக்கே நீ?"

தம்பியின் முகம் வெளுத்திருந்தது. "இப்பத்தான் சார் போய் எல்லாத்தையும் திறந்து பாத்தேன். யாரோ கை வெச்சிருக்காங்க. கம்பியெல்லாம் வளைஞ்சிருக்கு, தண்ணி நிக்காம ஓடுது. நான் வெச்ச பாட்டில் ஒண்ணுகூட இல்ல."

"பாட்டிலா? என்ன பாட்டில்?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "காலி சரக்கு பாட்டில் சார். பார்ல தூக்கிப் போடுறது. லேபிள் ஊறிப்போய் அடைச்சுக்கும்னு சுரண்டிட்டு, குழாய்த் தண்ணிய ரொப்பி, டேப் சுத்தி உள்ள வெச்சேன். பாட்டில் அடைச்சுக்குற இடத்துக்குத் தண்ணி ரொம்பாது. ஒவ்வொரு ப்ளஷ்ஷுக்கும் அவ்வளவு மிச்சம். பிளாஸ்டிக் பாட்டில் ஆடி ஆடிக் கம்பியில மாட்டிக்கும். அரை பாட்டில் தட்டையா மூலையில நிக்கும்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நான் சரக்கு பாட்டில் பொறுக்குறேன்னு சொன்னா யார் சார் நம்புவாங்க? பனைமரத்தடியில பால் குடிச்ச கதைதான்."

குழாய்த் தண்ணீர். மூக்கக்கா எதிரே இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் சிரித்தார். நம்பிய சிரிப்பு இல்லை. "கதை நல்லா இருக்கு. ரூமுக்குள்ள பாட்டில் வெச்சியாம், தண்ணியாம், யாரோ எடுத்துட்டாங்களாம். யார் எடுப்பா?" பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ரூமுக்குள்ள போறது உங்க பொண்ணுங்கதான். அவங்களா? இல்ல, இவனே குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுட்டானா? நீங்களே சொல்லுங்க. நீங்கதானே பொறுப்பு."

தம்பியும் அவளைத்தான் பார்த்தான். அக்கா தன் பக்கம் பேசுவாள் என்ற நம்பிக்கையோடு பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார் எடுத்தேன்" என்றாள். "குடிக்கத்தான் ஒளிச்சு வெச்சிருக்கான்னு நினைச்சேன். உங்களுக்குத் தெரியவேணாம்னு எடுத்துக் குப்பையில போட்டேன். கம்பிய வளைச்சதும் நான்தான். அவன் மேல தப்பில்ல. என்னை என்ன வேணாலும் செய்ங்க."

தம்பி கேட்டான், சத்தமில்லாமல்.

"மோந்து பாத்தியாக்கா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"ஊர் உலகத்தையெல்லாம் மோந்து பாக்குறே" என்றான். "என் பாட்டிலை ஒரு தடவை மோந்து பாக்கக்கூடாதா?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மேனேஜர் இருவரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவர் கணக்கே வேறு, குறைந்த மீட்டரை அவர் கண்ணால் பார்த்திருந்தார். மறுபடி செய்யச் சொன்னார். தம்பி பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, பாரிலிருந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்தான். இந்தத் தடவை பாட்டில்களை யாரும் தொடவில்லை. மூன்றாவது மாடியில் தண்ணீர் குறைந்தது, குறைந்தபடியே நின்றது. எல்லா மாடிக்கும் அவனே செய்தான். வேலை நிரந்தரமாயிற்று. பெண்டாட்டி குழந்தையோடு வந்து சேர்ந்தாள். "எல்லாம் உங்களாலதான் அண்ணி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டபோது மூக்கக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி எதையும் வீட்டில் சொல்லவில்லை என்று புரிந்தது.

ஆனால் மேனேஜர் அறையில் நின்ற அன்றிலிருந்து அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் துணி அடுக்குகிற அறைக்கு வருவான். "போயிட்டு வர்றேன்க்கா" என்று குனிவான். அவள் மூக்குக்கு நேரே ஹா என்று ஊதுவான். ஊதிவிட்டுச் சிரிப்பான். பார்க்கிற பெண்களும் அக்கா தம்பி விளையாட்டென்று சிரிப்பார்கள். விளையாட்டில்லை என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் குனிவதற்குள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம்டா. நான் தப்புப் பண்ணிட்டேன். உன்னை நம்புறேன்டா. சத்தியமா நம்புறேன். இனிமே ஊதாத."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது. கண் கலங்கிற்று. "சரிக்கா" என்றான். ஊதவில்லை. வாயை மூடிக்கொண்டு அவள் முன்னால் அப்படியே நின்றான், சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தலைவாரிவிட நிற்கிற மாதிரி.

அவளும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனசு லேசாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். அப்போது அவளைக் கேட்காமலே அவள் மூக்கு, குளியலறை வாசலில் இழுப்பதுபோல் ஒரு மூச்சை இழுத்தது. சின்ன மூச்சுதான். அந்த அறையில் அது நன்றாகவே கேட்டது.

"புதினா மிட்டாய்தான்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.