பப்பாளியின் மற்றச் சாவி

வின்சன்ட் காருக்கு அடியில் போய் வெகுநேரமாகிவிட்டது. வெளியே தெரிந்தவை முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும், கழன்று கிடந்த ஒரு செருப்பும்தான். போன் டோர்ச்சின் வெளிச்சம் மண்ணில் அங்குமிங்கும் ஓடியது.

"புத்தளத்துக் கார்," என்றது அடியிலிருந்து வந்த குரல். "உப்புத் திண்டிருக்கும். தின்னாம இருக்க ஏலாது."

"நல்லாத் தேடுங்க," என்றாள் ஸுஹைரா. "கண்டுபிடிச்சா எனக்கும் காட்டுங்க."

தில்லையடியில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டே இருக்கை, பொத்தானை அமுக்கினால் பின்னால் மடியும் கூரை, பழுத்த மஞ்சள் நிறம். தெருப் பிள்ளைகள் அதற்குப் பப்பாளி என்று பெயர் வைத்திருந்தார்கள். விற்பனைக்கென்று இணையத்தில் விளம்பரம் போட்ட நாளிலிருந்து ஸுஹைராவின் போன் ஓயவில்லை. பேசியவர்களில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டதும், "வீட்டுல ஆம்புள ஆரும் இல்லையா?" என்றார்கள். நேரில் வந்தவர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு போய், மாமரத்தடியில் கதிரையில் இருந்த வாப்பா செய்னுலாப்தீனிடம் விசாரித்தார்கள்.

வின்சன்டும் அப்படித்தான். சிலாபத்தில் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். அடியிலிருந்து புழுதியோடு எழும்பி, "ஹாஜியார், கடைசியா எப்ப ஒயில் மாத்தின?" என்று வாப்பாவைக் கேட்டார்.

"நான் இன்னம் ஹஜ்ஜுக்குப் போகல்ல தம்பி," என்றார் வாப்பா. "கார்க் கதைய மகள்ட்டக் கேளுங்க."

ஸுஹைரா பதில் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு வின்சன்ட் வாப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். அவளுக்குக் காதுமடல் சுட்டது.

"அடியில ஒண்டுமில்ல, சுத்தம்," என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். "சரி, மத்தச் சாவி எங்க?"

வந்த ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி. "துலைஞ்சிட்டு," என்றாள்.

"துலைஞ்ச சாவி ஆர்ட கையில இருக்கு எண்டு ஆருக்குத் தெரியும்? ஒரு நாளைக்கு வந்து ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிருவான். அஞ்சு லட்சம் குறைச்சா எடுக்கிறன். இல்லாட்டி ரெண்டு சாவியும் கையில வரட்டும், நீங்க சொன்ன விலைக்கே எடுக்கிறன்."

"அஞ்சு சதமும் குறைக்க மாட்டன்."

வின்சன்ட் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். போகும்போது வாப்பாவுக்குத்தான் சலாம் சொன்னார்.

சாவி தொலையவில்லை என்பது ஸுஹைராவுக்கு நன்றாகத் தெரியும். அது ரிஷாத்திடம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் கல்யாண மண்டபத்தில், ஊரே பிரியாணிக்குக் காத்திருந்த நேரத்தில், இறால் பண்ணை ரிஷாத் அவளுக்குக் கொடுக்கும் மஹர் இந்தக் கார் என்று மைக்கில் அறிவித்தார்கள். ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் தங்கம் கொடுப்பார்கள். இவன் கார் கொடுத்தான். பெண்கள் பக்கத்தில் எழுந்த 'மாஷா அல்லாஹ்' ஓய வெகுநேரம் பிடித்தது. அந்தக் காரை அவன் எந்தக் காசில் வாங்கினான் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்திய மாதம் வாப்பா தன் உப்பளப் பங்கை விற்று மாப்பிள்ளை கையில் கைக்கூலியாக, அதாவது சீதனக் காசாக, கொடுத்தது அது. வாப்பாவின் உப்பளம்தான் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு நான்கு சக்கரத்தில் வந்து வாசலில் நின்றது.

கார் அவளுடையது, சாவிகள் இரண்டும் அவன் சட்டைப் பையில். ஒருநாளும் அவளை ஸ்டியரிங்கில் கை வைக்க விட்டதில்லை. "பொம்புளக்கு என்னத்துக்கு இவ்வளவு ஸ்பீட்?" என்று சிரிப்பான். வாப்பாவுக்கு நெஞ்சு அடைத்த அன்று கார் கராஜில் நின்றது, சாவி அவனோடு கொழும்பில் இருந்தது. மூன்று சக்கர வண்டியில் வாப்பாவை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். என் காரின் சாவி ஏன் என்னிடம் இல்லை என்று அன்று கேட்டதில் தொடங்கிய சண்டை தலாக்கில் முடிந்தது. காதியார் முன்னால் அவன் கார்ப் புத்தகத்தை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தான், ஒரு சாவியை மேசையில் வீசினான். மற்றது தொலைந்துவிட்டது என்று அல்லாஹ்மேல் ஆணையிட்டான்.

அன்றிலிருந்து அவள் காருக்குப் பின்னால் உப்புவண்டி ட்ரெய்லரைக் குறுக்கே நிறுத்திவிட்டுத்தான் படுக்கிறாள். கார் ஓட்டப் பழகினாள், லைசன்ஸ் எடுத்தாள். உப்புக்காற்று பிடிக்காமல் கிழமைக்கு ஒரு தரம் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். உப்பளத்தை வாங்கியவர், மழைக்கு முன் காசு கொடுத்தால் பங்கைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வாப்பா இப்போது அதே பாத்தியில் கூலிக்கு உப்பு வாருகிறார். வெளிநாட்டுக் கார்கள் மறுபடி கப்பலில் வரத் தொடங்கியதிலிருந்து பழைய கார்களின் விலை மாதத்துக்கு மாதம் சறுக்கிக்கொண்டிருந்தது. மேகமும் மெதுவாகக் கூடிக்கொண்டிருந்தது.

மிஹ்லார் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. வாகனப் புரோக்கர் என்று சொல்லிக்கொண்டார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். குனியவில்லை. டோர்ச் அடிக்கவில்லை. பொனட்டைத் திறக்கச் சொல்லவில்லை.

"விலை சரி," என்றார். "குறைக்கல்ல. காசு நாளைக்கே பேங்கில போடுறன். சாவியத் தாங்க."

வாப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவர் கண்ணில் பாத்திகள் தெரிந்தன. ஸுஹைரா மட்டும் நகரவில்லை. எல்லோரும் முதலில் கேட்டதை இந்த மனிதர் கேட்கவேயில்லை.

"மத்தச் சாவி வேணாமா நானா?" என்றாள், அண்ணன் முறை வைத்து.

"என்னத்துக்குத் தங்கச்சி? ஒண்டு போதும்தானே."

"வேற ஆரும் எடுத்துட்டுப் போயிட்டா?"

"சேச்சே, ஆரு எடுக்கிற." சொல்லிவிட்டு அவர் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"ரிஷாத் எப்பிடி இரிக்கார்?" என்றாள் ஸுஹைரா, சாதாரணமாக.

"நல்லா இரிக்..." என்று தொடங்கி மிஹ்லார் நின்றார். மாமரத்தில் ஒரு காகம் கத்தியது. அதற்குப் பிறகு மறைப்பதில் பலன் இல்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

"கோவப்படாதீங்க. உங்களுக்குக் கார விக்கணும், அவருக்கு வாங்கணும். வாற வெள்ளிக்கிழமை கல்பிட்டியில நிக்காஹ். உச்சமுனையில கருவாட்டு வாடி வச்சிரிக்கிற முத்தலிபு முதலாளிட மகள். மஹர் இந்தக் கார்தான் எண்டு பேசியாச்சி. போட்டோவுல பாத்து அவங்களுக்கும் நல்ல விருப்பம்."

"அதே கார்."

"கார் எண்டா கார்தானே."

"வாங்கக் காசு எங்கால? இறாலுக்கு நோய் வந்து அவர்ட பண்ணை காஞ்சு கிடக்கே."

"அதுக்குத்தானே கைக்கூலி போன கிழமையே..." மிஹ்லார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடல்காற்று நின்றுபோனது போல இருந்தது ஸுஹைராவுக்கு. தலைக்குள் ஏதோ ஒன்று மெதுவாகக் கொதித்து, பாத்தியில் உப்புப் பூப்பது போல வெள்ளையாக இறுகியது. வாப்பாவின் உப்பளம் ஒரு தரம் காரானது. இப்போது யாரோ ஒரு முத்தலிபுவின் காசு அதே காராகப் போகிறது. பெண் வீட்டார் காசிலேயே பெண்ணுக்கு மஹர்! அவன் இரண்டு தரமும் மைக் வாடகை மட்டும்தான் கொடுத்திருக்கிறான்.

வாப்பா அவள் கையைத் தொட்டார். "குடுத்துடு மகள். ஆர்ட காசா இருந்தா நமக்கென்ன? மழை வரப்போகுது."

"அந்தப் புள்ளைட வாப்பாவும் ஏதாவது வித்திருப்பார்தானே வாப்பா?"

அவள் சாவியை எடுத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க மிஹ்லார் நானா. ஓடிப் பாக்காமக் கார் வாங்கினா சனம் சிரிக்கும்."

மிஹ்லார் ஏறினார். பாலாவிச் சந்தியில் திரும்பி வருவாள் என்று நினைத்திருந்தார். அவள் வலப்பக்கம் வெட்டிக் கல்பிட்டி ரோட்டில் விட்டபோதுதான் இருக்கைப் பட்டியைத் தேடினார். கூரை திறந்திருந்தது. அவருடைய அத்தர் வாசனையைக் காற்று ஒரே மூச்சில் குடித்து முடித்தது.

"எங்க போறீங்க தங்கச்சி?"

"காரை ஒப்படைக்க."

"அல்லாஹ்வே! மெதுவாப் போங்க! எனக்கு மூணு புள்ளையள்!"

"ரிஷாத்துக்குக் கோல் எடுங்க. பொம்புளக்கு எவ்வளவு ஸ்பீட் தேவை எண்டு கேட்டுச் சொல்லுங்க."

நுரைச்சோலையில் மின்நிலையத்தின் புகைபோக்கி தலைக்கு மேலே போனது. தென்னைகளுக்கு அப்பால் காற்றாலைகள் வேண்டாம் வேண்டாம் என்று பெரிய கைகளை வீசிக்கொண்டிருந்தன. ஸுஹைரா ஒன்றையும் கவனிக்கவில்லை. மூன்று வருடம் கராஜில் பூட்டிக் கிடந்த கோபம் இப்போதுதான் ரோட்டுக்கு வந்திருந்தது, அதன் காலடியில் எஞ்சின் பாடிக்கொண்டிருந்தது.

முத்தலிபுவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. புதுச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். கார் நின்றதும் பருத்த மனிதர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! மஹர் வந்திட்டு!" உள்ளே திரும்பிக் கத்தினார். "எல்லாரும் வாங்க! ருஷ்தாட கார் வந்திட்டு! மிஹ்லார், இதென்ன, ட்ரைவருக்குப் பொம்புளய வச்சிரிக்கிறீங்க?"

மிஹ்லார் இருக்கையில் சரிந்து, முடிந்தவரை தன்னைச் சிறிதாக்கிக்கொள்ளப் பார்த்தார்.

"நான் ட்ரைவர் இல்ல," என்றாள் ஸுஹைரா. "கார்ச் சொந்தக்காரி. ரிஷாத் முந்திக் கல்யாணம் முடிச்ச ஆள். இது எண்ட மஹர்."

முத்தலிபுவின் முகத்தில் இருந்த சிரிப்பு போக இடமில்லாமல் அங்கேயே தங்கியது.

"நீங்க கைக்கூலிக்கு என்ன வித்தீங்க மாமா?"

"ரெண்டு மீன்பிடி போட்," என்றார் அவர், தன்னை அறியாமல்.

"அந்த ரெண்டு போட்டையும் குடுத்துத்தான் இந்தக் கார என்னட்ட வாங்கப் பாக்குறார். வாங்கி உங்கட மகளுக்கு மஹர் எண்டு தருவார். எண்ட வாப்பா உப்பளத்த வித்தார். காரு அதே காரு, மைக்கும் அதே மைக்கு."

கொஞ்ச நேரம் முத்தலிபு காரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

"எண்ட மகள்ட கல்யாணத்தக் குழப்பவா வந்த? வாழ ஏலாம வந்தவள், மத்தவள வாழ விடாம வந்திரிக்கியா? ஊருக்கெல்லாம் சொல்லியாச்சி! எடு காரை! எடு!"

"கத்துங்க," என்றாள் ஸுஹைரா. அவள் குரலும் உயர்ந்துவிட்டது. "ஆனா ஆருக்குக் கத்தணுமோ அங்க போய்க் கத்துங்க. உங்கட போட்டுகள நானா எடுத்தன்?"

பந்தல்கால் அருகே, தலையில் முந்தானையைப் பிடித்தபடி ஒரு பெண் வந்து நின்றாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். காரைத் தொடாமல் அதன் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ராத்தா, இத எவ்வளவு தூரம் ஓட்டத் தந்தார் உங்களுக்கு?"

"ஒரு அடியும் தரல்ல. சாவி ரெண்டும் அவர்ட பைக்குள்ளதான். ஒண்டு இன்னமும் அங்கதான் இரிக்கி." ஸுஹைரா மூச்சு வாங்கினாள். "நீ அவர முடி, முடிக்காத, அது உண்ட விருப்பம். ஆனா மைக்குல சொல்றத நம்பாத. சாவியக் கையில வாங்கு."

"ருஷ்தா, உள்ள போ!" என்று முத்தலிபு கத்தினார். அவள் போனாள். ஸுஹைரா காரைத் திருப்பினாள். மிஹ்லார் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி இறங்கிக்கொண்டார்.

அடுத்த நாட்களில் ஒருவரும் கூப்பிடவில்லை. வாப்பா கோபிக்கவில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் கோபமூட்டியது. மாலையில் உப்பளத்திலிருந்து வந்து, வெடித்த கால்களைக் கழுவிவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்ப்பார். புதன்கிழமை முதல் தூறல் விழுந்தது. ஸுஹைரா பல்லைக் கடித்துக்கொண்டு வின்சன்டுக்குப் போன் எடுத்தாள். "அஞ்சு குறைச்சு எடுங்க," என்றாள்.

வியாழக்கிழமை காலை, வின்சன்ட் வருவதற்கு இரண்டு மணிநேரம் முன், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"ராத்தா, நான் ருஷ்தா. விளம்பரத்துல இருந்து நம்பர் எடுத்தன். புத்தளம் பஸ் கண்டக்டர்ட்ட ஒரு பார்சல் குடுத்து விட்டன். தில்லையடி பஸ் ஹோல்ட்டுல நில்லுங்க."

"என்ன பார்சல்?"

"மஹர முன்னுக்கே கையில தரச் சொன்னன். தராட்டி நிக்காஹ்வுக்கு ஓம் சொல்ல மாட்டன் எண்டன். கார் நாளைக்கு வரும், இப்ப இத வச்சிக்க எண்டு தந்தார். கையில தந்தா அது எண்டதானே? எண்டத நான் விரும்பின ஆளுக்குக் குடுப்பன்."

"உங்கட வாப்பா?"

"அதக் கண்ட பிறகுதான் நீங்க சொன்னத நம்பினார். பந்தலப் பிரிச்சிட்டு, நாலு பேரோட அவர்ட வீட்ட போயிரிக்கார். இப்ப அங்க கத்துறார்."

வின்சன்ட் வந்தபோது ஸுஹைரா வாசலிலேயே நின்றாள். உள்ளங்கையில் பஸ்ஸில் வந்த பழைய வளையல் பெட்டி ஒன்று இருந்தது. வின்சன்ட் பழக்கத்தில் மாமரத்தடியைப் பார்த்தார். அங்கே கதிரை காலியாக இருந்தது, வாப்பா உப்பளத்தில்.

"கார்க்காரி இங்க நிக்கிறன்," என்றாள். "என்னப் பாத்துக் கதைங்க."

பெட்டியைத் திறந்து இரண்டு சாவிகளையும் காரின் மஞ்சள் பொனட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வின்சன்ட் ஒன்றை எடுத்து அமுக்கினார். விளக்கு மினுங்கியது. மற்றதை எடுத்து அமுக்கினார். அதற்கும் மினுங்கியது.

"துலைஞ்ச சாவி எங்க கிடைச்ச?"

"துலைச்சவன்ட பைக்குள்ள."

"சரி, அப்ப நேத்து போன்ல சொன்ன விலைக்கு..."

"நேத்து ஒரு சாவி," என்றாள் ஸுஹைரா. "இண்டைக்கு ரெண்டு. நீங்க குடுத்த வாக்கு உங்களுக்கு ஞாபகம் இரிக்கும். இல்லாட்டி காருக்கு அடியில போய்க் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு வாங்க."