மனையில் இல்லாத வீடு

1944ஆம் வருஷம் ஆனி மாதம் பதினேழாம் தேதி காலை பத்து மணி வாக்கில், மீன்சுருட்டிக்கு மேற்கே நாலு மைலில் இருக்கும் இலந்தங்காட்டில், கொளஞ்சியம்மாளின் கூரை வீடு தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி அங்கேயே நின்றது. அன்றைக்கு ஜெயங்கொண்டம் சந்தையில் கம்பு படி மூன்றணா. காற்று இல்லை. வீடு எழும்பும்போது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கூழ் ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று மகள் வேம்பு சொன்னாள். அந்த நேரத்தில் உள்ளே இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தப் பக்கத்துக் கிராமங்கள் அப்போது ஒரு ஜமீன் எஸ்டேட்டைச் சேர்ந்தவை. சுவர் எழுப்பியவர்கள் குடியானவர்கள். சுவருக்கு அடியில் இருந்த மண் எஸ்டேட்டுடையது. மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் ஆக்கித் தின்றவர்களிடமும் அது தங்கள் மனை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கொளஞ்சியம்மாளின் புருஷன் பிச்சைமுத்து முந்தின வருஷம் காலராவில் செத்துப்போனான். அவனோடு குடியிருப்புப் பாத்தியதையும் தீர்ந்தது, அந்த இடத்தில் கடலைக்குக் கிடங்கு கட்டப்போகிறோம் என்று எஸ்டேட் மேனேஜர் சிவசுப்பிரமணியன் கோர்ட்டில் உத்தரவு வாங்கினார். கோர்ட் ஊழியரான அமீனா வந்து வாசலில் நின்று அதை வாசித்தார். ‘மேற்படி மனையைக் காலி செய்து’ என்ற இடத்துக்கு வந்தபோது கொளஞ்சியம்மாள், “இந்தச் செவுத்துக்கு மண்ணு மிதிச்சது என் காலு. நான் போவ மாட்டேன்” என்றாள். அப்போதுதான் வீடு எழும்பியது. அமீனா குனிந்து அடியில் பார்த்தார். அந்தப் பக்கம் மேய்ந்த கோழி தெரிந்தது. அவர் நேர்மையான மனிதர். ‘மனை காலியாக உள்ளது. வீடு இருக்கிறது, ஆனால் மனையில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறினார்.

அந்த வாரத்திலேயே எஸ்டேட் ஆட்கள் கயிறு கட்டி ஆறு ஜோடி மாடுகளைப் பூட்டி வீட்டைக் கீழே இழுத்தார்கள். வீடு அசையவில்லை. முன் ஜோடி மாடுகள் மட்டும் கொஞ்ச நேரம் குளம்பு மண்ணில் படாமல் நின்றன. அவிழ்த்துவிட்டதும் இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல் வைக்கோல் தின்றன. பிறகு, வீட்டு நிழல் எஸ்டேட் மண்ணில் விழுவதால் நிழலுக்கு வாடகை கட்ட வேண்டும் என்று மேனேஜர் நோட்டீஸ் அனுப்பினார். கொளஞ்சியம்மாள் அதைக் கூரை ஒழுகிய இடத்தில் செருகினாள்.

சேதி அரியலூருக்கு எட்டியது. அங்கே பதிவு ஆபீஸ் எதிரில் புளியமரத்தடியில் ஏழு நிலத்தரகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாங்குகிறவனையும் விற்கிறவனையும் சேர்த்துவைத்து, பத்திரம் முடிந்ததும் தரகு வாங்குவது அவர்கள் பிழைப்பு. அவர்களில் மூத்தவர் அய்யாக்கண்ணு; மண்ணை விரலில் தேய்த்து அது எந்த ஊர் என்று சொல்லக்கூடியவர். அவர் இலந்தங்காட்டுக்கு வந்து வீட்டை மூன்று சுற்றுச் சுற்றினார். குடையை அடியில் விட்டுத் துழாவிப் பார்த்தார். பிறகு ஊரையும் ஒரு பார்வை பார்த்து, இந்த எஸ்டேட்டில் ஒரு மனைகூடக் குடியானவன் பெயரில் பதிவானதில்லை, அதனால் தரகும் பிறந்ததில்லை என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். தரகர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கிறோம், வக்கீலுக்கும் மெட்ராஸ் போய் மனுக் கொடுக்கவும் ஆகும் செலவு எங்களுடையது, குடியிருக்கிறவனுக்கே மனை என்று சட்டம் வரும்வரை விடமாட்டோம் என்றார்.

“இதுல உங்களுக்கு என்ன லாபம்?” என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

“நாளைக்கு உன் பேருல பட்டா வந்தா, விக்கவும் வாங்கவும் ஆளு வரும். எனக்குத் தரகு வரும் தங்கச்சி. பொய் சொல்லுவானேன்?”

“அப்படின்னா நம்பலாம். மேல ஏறி வாங்க, கூழு குடிங்க.”

இப்படித்தான் குடிமனை உரிமைச் சங்கம் உண்டானது. ஏழு பேரும் வருகிற தரகில் பாதியைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். செட்டிகுளத்திலிருந்து திருமழபாடி வரைக்கும் நோட்டீஸ் போனது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை. தீர்வை கட்டுகிறவனுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும்தான். இலந்தங்காட்டில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் கிடையாது. தரகர்கள் வாரம் இரண்டு நாள் வந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களிடம் இருந்தவை பழைய கிரயப் பத்திரங்கள். அவற்றை வைத்தே பாடம் நடந்தது. ஆகவே அந்த ஊர்க்காரர்கள் அம்மா, ஆடு என்று படிக்கவில்லை. ‘சர்வ சுதந்திர பாத்தியதையுடன்’ என்பதுதான் அவர்கள் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த வரி. அந்த வரியைத் தடங்கலில்லாமல் படித்த குடும்பத்தின் வீடு அடுத்த ஒன்றிரண்டு நாளில் எழும்பிவிடும். 1945 பங்குனிக்குள் ஊரில் நாற்பத்திமூன்று வீடுகளில் முப்பத்தொன்று மேலே நின்றன. வயசானவர்கள் உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறினார்கள். ஆடுகளுக்குத்தான் சந்தோஷம்; வெயிலுக்கு வீட்டடியில் படுத்துக்கொண்டன.

அந்தச் சித்திரையில் சிவசுப்பிரமணியன் அரியலூருக்கே வந்தார். எஸ்டேட்டுகளுக்கு முடிவு வரப்போகிறது என்று பட்டணத்தில் பேச்சு அடிபட்டது. அதற்குள் மூவாயிரம் ஏக்கர் தரிசையும் மேய்ச்சல் காட்டையும் விற்றுவிட எஸ்டேட் முடிவு செய்திருந்தது. விற்பனை முழுவதற்கும் அய்யாக்கண்ணுவே தரகர், சங்கத்தை மட்டும் கலைத்துவிட வேண்டும் என்று எழுதிய கடிதத்தைக் கொடுத்தார். மற்ற தரகர்களுக்கும் பங்கு உண்டு. ஏழு பேரில் ஒருவனான, அய்யாக்கண்ணுவின் கூட்டாளி மாயவன் அன்றைக்கே மேனேஜரோடு காரில் ஏறிப் போய்விட்டான். “நாம தரகருங்கண்ணே, தலைவருங்க இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அய்யாக்கண்ணுவுக்கு மூன்று பெண்கள், ஒருத்திக்கும் கல்யாணம் ஆகவில்லை. கடிதத்தை வாங்கி ஒன்பது நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

பத்தாம் நாள் இலந்தங்காட்டுக்கு வந்து கொளஞ்சியம்மாளின் வீட்டில் ஏறினார். அவர் கால் உள்ளே பட்டதும் வீடு நாலு விரல்கடை கீழே இறங்கியது. அடியில் படுத்திருந்த ஆடுகள் கத்திக்கொண்டு வெளியே ஓடின.

கொளஞ்சியம்மாள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “பையில என்ன வச்சிருக்கீங்க?”

அவர் மறைக்கவில்லை. எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் இப்போது படிக்கத் தெரிந்தவள். மெதுவாக, உதடு அசைய, கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“நெறைய வருமே” என்றாள்.

“வரும். மூணு பொண்ணையும் கட்டிக் கொடுத்துட்டு நானும் மாடி வூடு கட்டலாம்.”

“போங்களேன். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா மேய்ச்சக்காட்ட வித்தா எங்க ஆடு மாடு என்ன திங்கும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

அய்யாக்கண்ணு முப்பது வருஷத்தில் ஆயிரம் பேரின் நிலத்தைக் கைமாற்றிக் கொடுத்தவர். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தார். “மாயவன் போனா போறான். மீதிப் பேரு போனாலும் நான் ஒருத்தன் இருக்கேன். எஸ்டேட்காரன் என்ன பண்ணிடுவான், பாத்துடுவோம்” என்றார். வீடு இறங்கிய நாலு விரல்கடையும் ஏறி, அதற்கு மேலும் ஒரு சாண் உயர்ந்தது. அவர் கீழே இறங்குவதற்குக் கொளஞ்சியம்மாள் கை கொடுக்க வேண்டியிருந்தது. மீதி ஐந்து பேரும் போகவில்லை.

1946 தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரை அவள் வீட்டுக்குள் ஏற்றி, எஸ்டேட் ஒழிப்புக்குக் கை தூக்குவேன் என்று கையெழுத்து வாங்கினாள். அவர் எழுதும்போது எல்லோரும் தரைக்கும் வீட்டுக்கும் நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவெளி குறையவில்லை. அவருக்கே ஓட்டுப் போட்டார்கள், அவர் ஜெயித்தார். எஸ்டேட் சும்மா இருக்கவில்லை. கிணற்றைப் பூட்டியது, அய்யாக்கண்ணு மேல் மூன்று பொய் வழக்குப் போட்டது. அய்யாக்கண்ணு இரண்டு மாதம் திருச்சி ஜெயிலில் இருந்துவிட்டு வந்து, மறுநாளே புளியமரத்தடியில் உட்கார்ந்தார். 1948இல் சட்டசபையில் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. மேய்ச்சல் காடு விற்கப்படவில்லை.

மறுவருஷம் ஐப்பசியில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். அதற்குள் மீதி வீடுகளும் எழும்பியிருந்தன. சுவர் குறுக்கே நிற்காததால் நாற்பத்திமூன்று மனைகளையும் இரண்டே நாளில் அளந்து முடித்தார். இவ்வளவு சுலபமான ஊரைப் பார்த்ததில்லை என்றார். பட்டா கைக்கு வந்ததும் வீடுகள் இறங்கிவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இறங்கவில்லை. தாசில்தார் வந்து கொளஞ்சியம்மாளிடம், “அதான் மனை உன்னுதாயிடுச்சேம்மா, எறங்கச் சொல்லேன்” என்றார்.

“மனை என்னுது, வூடும் என்னுது. எறங்குறதும் எறங்காததும் என் இஷ்டங்க” என்று அவள் சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டு போனார்.

அந்தத் தையில் வேம்புவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை உடையார்பாளையத்துக்காரன். இலந்தங்காட்டிலேயே தெற்குத் தெருவில் அய்யாக்கண்ணு பேசி முடித்துக் கொடுத்த மனையில் புதுசாக வீடு கட்டினார்கள். தரகு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். குடிபோன மூன்றாம் மாதம் அதுவும் எழும்பியது. மீன்சுருட்டியிலிருந்து கொத்தனார் வந்து உயரத்தை அளந்தார். ஏறி இறங்க மூன்று படி போதும், செங்கல் சுண்ணாம்பு நீங்கள் வாங்கிக் கொடுத்தால் கூலி மட்டும் நாலு ரூபாய் என்றார். வேம்பு மூன்றரைக்குப் பேசி முடித்தாள்.